அளக்கிற கை

மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ரேழியில் ஒரு மரக்கால் இருக்கிறது. மரத்தில் குடைந்து, வாயிலும் அடியிலும் இரும்புப் பட்டை போட்டது. தாத்தா காலத்தில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நெல் அளந்தது. நிலம் கைவிட்டுப் போய், 1950-களில் குடும்பம் பட்டணம் வந்தபோது சாமானோடு சாமானாக இதுவும் வந்துவிட்டது. இப்போது அதில் குடைகள் நிற்கின்றன. வீட்டுக்கு வரும் எழுத்தாள நண்பர்கள் அதைத் தடவிப் பார்க்காமல் போவதில்லை. ஒருவர் தம் சிறுகதைத் தொகுதிக்கு அட்டைப்படம் எடுக்கக் கேட்டார். கொடுத்தேன்.

சென்ற வருஷம் ஒரு மழைநாளில், வேறு வேலை இல்லாததால், வீட்டிலிருந்த பித்தளைப் படியால் அரிசி எடுத்து இந்த மரக்காலை அளந்து பார்த்தேன். எங்கள் ஊர்க் கணக்கில் அது 4 படி கொள்ள வேண்டும். மூன்றே முக்காலில் வாய் நிறைந்துவிட்டது. அரிசியைக் கொட்டிவிட்டு உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். அடிப்பலகையின் மேல் இன்னொரு பலகை, விரல் கனத்துக்கு, ஒட்டினாற்போல் பதிக்கப்பட்டிருந்தது. வெகு நேர்த்தியான தச்சு வேலை.

பாட்டி சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. ஊர் வீட்டில் இரண்டு மரக்கால் உண்டு: ஒன்று வாங்குகிற மரக்கால், மற்றது கொடுக்கிற மரக்கால். இரண்டையும் கலந்து வைக்கக்கூடாது. சிறுவனாக இருந்தபோது இதை ஒரு ஆசாரம் என்றே எடுத்துக்கொண்டேன், பூஜைப் பாத்திரத்தைத் தனியாக வைக்கிறோமே அந்த மாதிரி. பட்டணம் வந்து சேர்ந்தது கொடுக்கிற மரக்கால்.

குடும்பப் பாவத்தைப் பறைசாற்றிப் புண்ணியம் தேடுவது என் நோக்கமில்லை. அப்படிப்பட்ட ஒப்புதல்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. செத்தவர்களைக் கூண்டில் ஏற்றிவிட்டு இருப்பவர்கள் தப்பித்துக்கொள்ளும் வழி அது. பாட்டி கெட்டவள் அல்ல. அவள் கையால் அளந்தால் படி கோபுரமாக நிற்கும் என்று ஊரில் பேச்சு உண்டு. அதைச் சொன்னவர்கள் வாங்கிக்கொண்டவர்களேதான். கோபுரம் கட்டி அளந்ததும் நிஜம், அடிப்பலகை இரட்டையாக இருந்ததும் நிஜம். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே கையில் எப்படிச் சேர்ந்திருந்தன என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிற கேள்வி.

2

படியால் அளப்பது தராசில் நிறுப்பது போன்றதல்ல. நெல்லை உயரத்திலிருந்து விட்டால் அது இறுகிப் படியும், அளவு அதிகம் கொள்ளும். மெல்லச் சரித்தால் மணிகள் தொளதொளவென்று நிற்கும், அளவு குறையும். குவியலுக்குள் படியைச் செருகி முகப்பது ஒரு அளவு, முறத்தால் வாரிப் போடுவது ஒரு அளவு. தலைதட்டும்போது கையைக் குழித்து வழிப்பதும் உண்டு, அழுத்தி வழிப்பதும் உண்டு. ஈரநெல் ஒரு கணக்கு, காய்ந்த நெல் ஒரு கணக்கு, பதர் கலந்தது இன்னொரு கணக்கு. இதற்கு மேல், படியே ஊருக்கு ஊர் வேறு. பட்டணம் படி பெரியது, தஞ்சாவூரில் சின்னப் படி. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம் என்று வாய்ப்பாடு மட்டும் எங்கும் ஒன்றாக இருந்தது. வாய்ப்பாட்டைக் குழந்தைகள் ஒப்பித்தார்கள். அளவைக் கை தீர்மானித்தது.

அந்தக் கை எப்போதும் கொடுக்கிறவனுடைய கை. களத்தில் முதல் மரக்காலைப் போடும்போது ‘ஒன்று’ என்று சொல்வதில்லை; ‘லாபம்’ என்று சொல்லித்தான் எண்ணிக்கை ஆரம்பிக்கும். மங்கல வழக்கு. யாருக்கு லாபம் என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. கூலியோடு சேர்ந்த சோறும் இதே மாதிரிதான். காலையில் பழையது, உச்சியில் கஞ்சி, கடித்துக்கொள்ள ஒரு வற்றல் மிளகாய் அல்லது ஊறுகாய்த் துண்டு. கஞ்சிக்குப் படி கிடையாது, ஊற்றுகிறவள் மனசுதான் அளவு. மனசு நன்றாயிருந்தால் பருக்கை அதிகம், இல்லாவிட்டால் தண்ணீர் அதிகம்.

நம்முடைய கதைகளில் படியும் மரக்காலும் களமும் கஞ்சியும் வருகிறபோது ஒரு குறிப்பிட்ட வெளிச்சம் அவற்றின்மேல் விழுகிறது. அந்த வெளிச்சத்தை நானும் உபயோகித்திருக்கிறேன். கோபுரமாக நிற்கும் நெல், ததும்பும் படி, ‘போதுமா?’ என்று கேட்கும் பெரிய வீட்டு அம்மாள், மடியை விரித்து நிற்கும் பெண். லிட்டரும் கிலோவும் வந்து இந்த உறவுகளையெல்லாம் உலர்த்திவிட்டன என்ற பெருமூச்சோடு கதை முடியும். இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. படியின் கோபுரத்தை ரசிக்கிற கண், படிக்கு மேலேயிருந்து பார்க்கிறது. மடியை விரித்து நிற்பவள் பார்ப்பது கோபுரத்தை அல்ல, அளக்கிற விரல்களை. அந்தப் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட வர்ணனை நம்மிடம் வெகு குறைவு.

3

அளவைக் கையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, வாங்குவதை அதிகமாக வாங்கார், கொடுப்பதைக் குறைத்துக் கொடார் என்பதை ஒரு சிறப்பாகச் சொல்கிறது. இது விசேஷமாகப் புகழத் தக்கதாக இருந்தது என்பதிலிருந்தே மற்ற இடங்களில் நிலைமை என்ன என்று ஊகிக்கலாம். என் தாத்தாவின் இரண்டு மரக்காலுக்கும் ஏறக்குறைய 2000 வருஷத்துப் பூர்வீகம் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘ஆடவல்லான்’ என்ற மரக்கால் வருகிறது. அது ‘ராஜகேசரி’ என்ற மரக்காலுக்குச் சமம் என்ற குறிப்பும் கூடவே வருகிறது. 985 முதல் 1014 வரை ஆண்ட ராஜராஜன் காலத்தில், கோயிலுக்கென்று குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல், இந்த மரக்காலால் அளந்து. மரக்காலுக்கு நடராஜனின் பெயரை ஏன் வைத்தார்கள்? பக்தி ஒரு காரணமாயிருக்கலாம். கடவுள் பெயர் உள்ள மரக்காலில் பலகை பதிக்கக் கை கொஞ்சம் தயங்கும் என்பது இன்னொரு காரணமாக எனக்குத் தோன்றுகிறது. எப்படியானாலும், ஆடுகிற பெண்ணுக்கு எவ்வளவு என்பது கல்லில் ஏறிவிட்டது. கோயில் அதிகாரிக்கு அவள்மேல் பிரியம் வந்தாலும் கோபம் வந்தாலும் 100 கலம் 100 கலம்தான். அந்த நெல்லை விளைவித்தவனின் கூலிக்கு அந்தச் சுவரில் இடம் கிடைக்கவில்லை.

நம் மந்தைவெளிக்கு அருகிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்பவர் கம்பெனிக்காகச் செங்கல்பட்டுச் சீமையில் ஏறக்குறைய 2000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். கண்டுமுதலான நெல் ராஜாவுக்கும் குடியானவனுக்கும் பிரிக்கப்படும் முன்பே, அதிலிருந்து வெட்டியானுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு, கணக்கனுக்கு, கோயிலுக்கு என்று ஒதுக்கப்பட்ட பங்குகள் அந்தக் கணக்குகளில் வரிசையாக வருகின்றன. இந்தப் பங்குகளுக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். 1947-ல் நாம் அடைந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சுதந்திரம் அதற்கு முன்னால் களத்துமேட்டில் ஒரு வண்ணானின் நெல்லுக்குப் பெயராக இருந்தது. அந்த அமைப்பை நான் கொண்டாட வரவில்லை. பிறப்பை வைத்துப் பங்கை நிர்ணயித்த ஏற்பாடு அது. யாருக்கு எவ்வளவு என்பதில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதும் சேர்ந்தே இருந்தது. ஆனாலும் சொல் முக்கியமானது. கேட்காமலே, யார் மனசையும் பார்க்காமலே வரவேண்டிய அளவுக்குத்தான் சுதந்திரம் என்று பெயர் வைத்தார்கள். கோபுரத்துக்கு வைக்கவில்லை.

4

அப்படியானால் நெல்லைத் தள்ளிவிட்டு ரொக்கமும் லிட்டரும் வந்ததும் நியாயம் வந்துவிட்டதா? இங்கே அவசரப்படக்கூடாது.

அயர்லாந்தில் 19-ம் நூற்றாண்டின் முன்பாதியில் விவசாயக் கூலிகளில் பெரும்பாலோர் கையில் காசு பார்த்ததில்லை. உழைப்புக்குப் பதிலாக உருளைக்கிழங்கு போட ஒரு துண்டு நிலம். கூலி மண்ணுக்குள் இருந்தது. 1845-ல் கிழங்கில் நோய் விழுந்து, 1846-ல் விளைச்சல் அடியோடு போனபோது அவர்களுடைய கூலியே மண்ணுக்குள் அழுகியது. அரசாங்கம் ரோடு போடும் வேலை கொடுத்து, வெட்டிய அளவுக்குக் காசு தந்தது. காசை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனால் தானிய விலை அதற்கெட்டாத உயரத்தில் இருந்தது. பட்டினி கிடந்தவனால் அளவுக்கு வெட்டவும் முடியவில்லை. ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தார்கள். லண்டன் கஜானாவிலிருந்து அந்த நிவாரணத்தை நிர்வகித்த சார்லஸ் ட்ரெவெல்யன் 1859-ல் நம் சென்னைக்கே கவர்னராக வந்து சேர்ந்தார். தாராளம் ஏழையைக் கெடுக்கும் என்று மனப்பூர்வமாக நம்பிய மனிதர்.

அந்த நம்பிக்கை அவரோடு போய்விடவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் தின்றபோது, செலவைச் சுருக்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பியவர் ரிச்சர்ட் டெம்பிள். 1877 ஜனவரியில் அவர் நிவாரண வேலைக் கூலியைக் குறைத்தார். ஒரு ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலை, அதற்கு மேல் கொஞ்சம் சில்லறை. உழைக்கிற உடம்புக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் எழுத்து மூலம் சண்டை போட்டார். இதே டெம்பிள் மூன்று வருஷம் முன்பு, 1873–74 பீகார்ப் பஞ்சத்தில், பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாகக் கொடுத்தவர். சாவு மிகக் குறைவு. அதற்காக அவருக்குக் கிடைத்தது ஊதாரி என்ற பெயர். சென்னைக்கு வந்தபோது அந்தப் பெயரைக் கழுவிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே மனிதர், இரண்டு மரக்கால். பீகாரில் பிழைத்தவனும் சென்னையில் செத்தவனும் அவருடைய மனநிலையின்படி பிழைத்தார்கள், செத்தார்கள். ராத்தல் கறாரான அளவுதான். அதில் கோபுரமும் இல்லை, பலகையும் இல்லை. இருந்தும் எத்தனை ராத்தல் என்பதை நிர்ணயித்தது அளக்கிற கைதான்.

ஆகவே பிரச்னை நெல்லா காசா என்பதில் இல்லை. விலை ஏறுகிற காலத்தில் நெல்லே உத்தமமான கூலி என்பது ஏழைக்குத் தெரியும். அந்த அறிவு இன்னும் நம் மொழியில் இருக்கிறது. அரசு ஊழியருக்கு விலைவாசியை ஒட்டிக் கொடுக்கும் தொகைக்குப் பஞ்சப்படி என்று நம் தகப்பனார்கள் பெயர் சொன்னார்கள். இன்று அகவிலைப்படி என்கிறோம். பஞ்சம் போய்விட்டது, படி போகவில்லை. சம்பளம் என்ற சொல்லே வழிச்சோற்றைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது என்று தமிழ் லெக்ஸிகன் கருதுகிறது. மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் அகவிலைப்படி வாங்கி வாழ்ந்தவர்களும் வாழ்கிறவர்களும் ஏராளம். அவர்களில் யாருக்கும் அது பிச்சையாகத் தோன்றியதில்லை. சதவீதம் அறிவிக்கப்படுகிறது, கணக்கில் ஏறுகிறது. ஆபீசர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நாம் சுதந்திரம் வாங்குகிறோம். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நாம் கொடுப்பது என்ன என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

5

1956-ல் இந்திய அரசு நிறுத்தல் முகத்தல் அளவைகளைத் தசம முறைக்கு மாற்றச் சட்டம் செய்தது. 1960-களின் ஆரம்பத்தில் படியும் ஆழாக்கும் வியாபாரத்தில் செல்லாதவை ஆயின. செல்லாமல் போன படிதான் 1967 தேர்தலில் ஆட்சியை மாற்றியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. சொன்னது, மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணாதுரை அதற்கு வரம்பு கட்டினார். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி ஆரம்பமாயிற்று. லிட்டர் கணக்கில் அந்தக் கோஷத்தைப் போட்டிருந்தால் யார் காதிலும் விழுந்திராது. பசி படியில்தான் எண்ணத் தெரிந்து வைத்திருந்தது.

அதற்கு அடுத்த வருஷம், 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணி என்ற கிராமத்தில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டது தகராறின் மூலம் என்பது இன்றும் வாய்வழி நிற்கிற கணக்கு. நாகப்பட்டினத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்தஸ்துள்ள நிலச்சொந்தக்காரர்கள் தாமே நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அங்கும் ஆளுக்குத் தக்க மரக்கால்.

அரைப்படி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மிராசுதாரருக்கு அரைப்படி ஒரு பொருட்டா? பொங்கலன்று அதே பண்ணையில் வேஷ்டி கொடுத்திருப்பார்கள். ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் ஒரு மரக்கால் நெல் போயிருக்கும். பிரசவம், சாவு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் படி கோபுரமாக அளக்கப்பட்டிருக்கும். அந்தக் கொடைகளையெல்லாம் வருஷத்துக்குக் கூட்டினால் கேட்ட அரைப்படிக்குக் கொஞ்சமும் குறையாது என்று எனக்குத் தோன்றுகிறது. செலவுக் கணக்கை வைத்து அந்த நெருப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

மிராசுதார்கள் பதிலுக்கு வைத்த கோரிக்கையைப் பார்த்தால் விஷயம் விளங்கும். செங்கொடியை இறக்கு, விவசாயச் சங்கத்தை விட்டு விலகு, எங்கள் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர். அதாவது, நெல் இருக்கிறது. அதைக் கேட்கிற முறை மாற வேண்டும். தலைகுனிந்து கேட்டால் அரைப்படி என்ன, முக்கால்படியே விழுந்திருக்கும். கொடியைப் பிடித்துக்கொண்டு கேட்டதனால் அது வேறு பொருளாகிவிட்டது. கொடையாகக் கொடுக்கும்போது கொடுக்கிறவன் பெரியவனாகிறான். உரிமையாகக் கொடுக்கும்போது கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான். கைக்கு வேலையில்லை. அளக்கிற கை இழக்கப்போவது நெல்லை அல்ல, தன்னை. அந்த இழப்புக்கு அரைப்படி ரொம்ப அதிக விலையாகப் பட்டிருக்க வேண்டும்.

பாட்டியின் கோபுரமும் தாத்தாவின் பலகையும் எப்படிச் சேர்ந்திருந்தன என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. அவை ஒன்றுக்கொன்று விரோதமில்லை. பலகை இருந்ததால்தான் கோபுரத்துக்கு நெல் மிஞ்சியது. கோபுரம் இருந்ததால்தான் பலகையை யாரும் குனிந்து பார்க்கவில்லை. பாட்டி மனதாரக் கருணையோடு அளந்தாள் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை. அந்தக் கருணைக்கு ஒரு நிபந்தனை இருந்தது: எதிரில் நிற்பவளுக்குச் சரியான அளவு இன்னது என்று கேட்க வழி இருக்கக்கூடாது. வழி இருந்திருந்தால் கருணைக்கு அங்கே இடம் போதியிருக்காது.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975-ல் வந்து, 1977-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. வெண்மணியைப் பற்றி நமக்கு வாய்த்த முதல் நாவல். அது நிலச்சுவான்தாரின் மனக்கோணலில், அவனுடைய ஆண்மைக் குறையில், நெருப்புக்குக் காரணம் தேடியது. அதன்மேல் விவாதம் நடந்தது. நாவலாசிரியருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. எனக்குப் பயமாயிருப்பது வேறு. கோணல் மனிதன் செய்தான் என்றால் நாம் நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு சாதாரணமான, தர்மம் செய்கிற, பிள்ளைகுட்டிக்காரனுக்கும் அரைப்படியை உரிமையாகக் கொடுக்க உடம்பெல்லாம் எரியும் என்றால் தூக்கம் வராது.

6

சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெருக்கித் துடைக்கிற அம்மாள் சம்பளத்தில் 200 ரூபாய் கூட்டிக் கேட்டார். எங்களைவிட வயதில் மூத்தவர். அவர் எங்களை ‘நீங்க’ என்கிறார், நாங்கள் அவரை ‘நீ’ என்கிறோம். இதை எழுதும்போதுதான் ‘அவர்’ என்று வருகிறது. காலையில் ஒரு காப்பி, அவருக்கென்று வைத்திருக்கும் டம்ளரில். மிஞ்சிய இட்லி, குழம்பு, ரசம் ஒரு தூக்கில். தீபாவளிக்குப் புடவை. பேத்தியின் பள்ளிக்கூடப் பீஸுக்கு இரண்டு தடவை பணம், திருப்பிக் கேட்காமல். எங்கள் தெருவில் இது நல்ல வீடு என்று பெயர்.

“இந்த மாசத்துலேருந்து இருநூறு ரூபா சேத்துக் குடுங்க. ரெண்டு வருஷமாச்சு” என்றார்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான், என் மனைவி வாயைத் திறக்குமுன், “தீபாவளிக்குப் புடவை எடுத்துக் குடுத்தோமே” என்றேன். புடவை விலை 900 ரூபாய். அந்த 900 ரூபாயைக் கடையில் எடுத்து வைக்கும்போது எனக்குச் சந்தோஷமாயிருந்தது. இந்த 200 ரூபாய்க்கு நெஞ்சுக்குள் ஏதோ சுருங்கியது. நான் சொன்ன வாக்கியம் எனக்கே கேட்டது. வெண்மணியைப் பற்றி மேலே எழுதியிருக்கிற எல்லாவற்றையும் அப்போதே நான் அறிந்திருந்தேன். அறிவு அந்த வாக்கியத்தைத் தடுக்கவில்லை. நெருப்புக்கும் என் வாக்கியத்துக்கும் உள்ள தூரம் பெரிது, அதைக் குறைத்துச் சொன்னால் செத்தவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. ஆனால் சுருங்கியது எது என்று கேட்டால் இரண்டு இடத்திலும் ஒரே பெயர்தான் சொல்ல முடிகிறது.

அவர் பதில் சொல்லவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு போனார்.

2018-ல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்கும் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. அகவிலைப்படியின் சதவீதம் தெரிந்த எத்தனை வீட்டில் அந்தத் தொகை தெரியும்? கஞ்சிக்கு அன்று படி இருக்கவில்லை. இன்றும் தூக்குக்குப் படி இல்லை. எங்கள் ரேழியில் இருப்பது குடை வைக்கும் சாமான் என்று நினைத்திருந்தேன். அது இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

நியாயமான அளவு வந்துவிட்டால் மனிதர்களுக்கு நடுவே ஈரம் வற்றிவிடாதா என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. அதைப் பரிகாசம் செய்ய எனக்கு மனமில்லை. கணக்காகக் கொடுத்துக் கணக்காக வாங்கி, கதவைச் சாத்திக்கொள்கிற வாழ்க்கையை நான் விரும்பவில்லை. கோபுரமாக நிற்கிற நெல் அழகானது என்பதும் பொய்யல்ல. ஆனால் கோபுரம் தலைதட்டிய படிக்கு மேலே நிற்க வேண்டியது. தலைதட்டிய அளவு எதிரில் நிற்பவளுக்கு உறுதியானபின், அதற்கு மேல் ஒரு பிடி போடுவது அன்பு. அந்த அளவையே உறுதி செய்யாமல் பிடி பிடியாகப் போடுவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

மறுமாதம் முதல் தேதி நான் 300 ரூபாய் கூட்டிக் கொடுத்தேன். கேட்டதற்கு மேல் 100. கொடுக்கும்போது எனக்கு மறுபடி அந்தப் பழைய சந்தோஷம் வந்ததைக் கவனித்தேன். அவர் நோட்டுகளை என் முன்னாலேயே எண்ணினார். இதற்கு முன் அவர் எண்ணி நான் பார்த்ததில்லை. ஒரு நூறு ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இருநூறுதான் கேட்டேன். இது பொங்கலுக்குக் குடுங்க” என்றார்.

சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எது கூலி, எது கொடை, ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே ஆரம்பிக்கிறது என்பது அவருக்கு மிகத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இத்தனை பக்கங்கள் எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கின்றன. அந்த நூறு ரூபாய் பொங்கல்வரை மேஜை இழுப்பறையில் இருந்தது. மரக்காலிலிருந்து பலகையைப் பெயர்த்துவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அட்டைப்படத்துக்கு அடுத்த தடவை யாராவது கேட்டால், உட்பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்லலாம்.